கப்பல் உடைதலும் கப்பல் உடைத்தலும்

'உடைதல்' தன்வினை, 'உடைத்தல்' பிறவினை. பானை தவறி விழுந்தால் உடைகிறது. ஒருவர் கல்லால் அடித்தால் அவர் அதை உடைக்கிறார். பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்துக் கடந்துவந்த எளிய இலக்கணம் இது. இந்த வேறுபாட்டைக் கப்பல் என்ற பொருளின்மேல் வைத்துப் பார்த்தால் தமிழ் இலக்கியத்தில் ஒரு வியப்பான வெற்றிடம் தென்படுகிறது. நம் இலக்கியங்களில் கப்பல் உடைகிறது. மீண்டும் மீண்டும் உடைகிறது. ஆனால் கப்பலை எவரும் உடைப்பதில்லை.

நற்றிணையின் 30ஆம் பாடல் பலருக்கும் நினைவிருக்கும். பரத்தையர் பலர் தலைவனை ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கிறார்கள். காற்றில் மரக்கலம் கவிழ்ந்து கடலில் விழுந்தவர்கள் ஒரே பலகையைப் பலராகப் பற்றிக்கொள்வதை இதற்கு உவமையாக்குகிறார் கொற்றனார். இந்த உவமையைக் கேட்டவுடன் புரிந்துகொள்ள, கேட்பவர்களுக்கும் அந்தப் பலகை பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கலம் சிதைந்தபின் முறிந்த மரமொன்றைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கம் கரை சேர்கிறான். சீவக சிந்தாமணியில் வணிகன் சீதத்தன் தன் கலம் மூழ்கிவிட்டதாகவே நம்புகிறான். அது தரன் என்னும் விஞ்சையன் செய்த மாயம் என்று பின்னரே தெரிகிறது. மாயத்தால் மயக்க நினைப்பவனும் கப்பல் உடைவதைத்தான் காட்டுகிறான் என்பது நோக்கத்தக்கது. கடலோடும் சமூகத்தின் அடிமனத்து அச்சம் அதுதான்.

உடையாமல் தப்பிய கப்பல்கள் என்னவாயின? ஆண்டுக்கணக்கில் ஓடி, பலகை நைந்து, இனி நீரில் இறக்க முடியாது என்ற நிலையை அடைந்த நாவாய்க்கும் வங்கத்துக்கும் நேர்ந்த முடிவு எது? கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி, திமில், பஃறி என்று இத்தனை பெயர்களை வைத்திருந்தவர்கள் அதைப் பாடவில்லை. இந்த மௌனத்தின் காரணத்தையும், இரும்புக் கப்பலின் காலத்தில் அந்த மௌனத்துக்கு நாம் கொடுக்க நேர்ந்த விலையையும் இக்கட்டுரையில் பார்க்க முயல்கிறோம்.

கட்டுவதும் அவிழ்ப்பதும்

மண்டைக்காடு என்றால் வெளியூர் நண்பர்களுக்குப் பகவதி அம்மன் கோவிலும் மாசிக் கொடையும் நினைவுக்கு வரும். கோவிலுக்கு மேற்கே சிறிது தொலைவில் கடல். அக்கரையில் மண்டைக்காடு புதூர் என்னும் மீனவர் ஊர். வடமேற்கே குளச்சல், தென்கிழக்கே மணவாளக்குறிச்சியும் முட்டமும். கருமணல் கலந்த இந்தக் கரைகளில் பல தலைமுறைகளாகப் புழங்கியவை கட்டுமரமும் வள்ளமும்.

கட்டுமரம் என்ற சொல்லிலேயே அதன் தொழில்நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதில் ஆணி இல்லை. மென்மையான மரத்தடிகள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்தால் அது மிதக்கும் கலம். நீரில் கிடந்தால் தடிகள் ஊறிக் கனக்கும். ஆகவே தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியே மணலில் காயவைப்பார்கள். அவிழ்ப்பதும் கட்டுவதும் அதன் அன்றாட வாழ்வு. ஒரு தடி இற்றுப்போனால் அந்தத் தடி மட்டும் மாறும். மரம் தொடர்ந்து கடலுக்குப் போகும். அதன் கடைசி நாள் எது என்று எவராலும் சொல்லிவிட முடியாது.

வள்ளத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. மேற்குக் கடற்கரையின் பழைய வள்ளங்கள் பலவற்றில் பலகைகளைக் கயிற்றுநாரால் தைத்து இணைத்தார்கள். மலையாளத்தில் கெட்டுவள்ளம் என்று இன்றும் வழங்கும் பெயரில் அந்தக் கட்டு இருக்கிறது. தைத்ததைப் பிரிக்கலாம், பிரித்ததை மீண்டும் தைக்கலாம். பழைய பலகை கதவாகும், கூரைக்குத் தாங்கலாகும், கடைசியில் அடுப்புக்குப் போகும். சாம்பல் தென்னைக்கு உரமாகும். கட்டியவர், ஓட்டியவர், பிரித்தவர் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள்.

இலக்கியத்தின் மௌனத்துக்குக் காரணம் இதுதான் என்று கருதுகிறோம். கப்பலைப் பிரிப்பது அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியாகவே இருக்கவில்லை. அதில் ஆபத்தும் இல்லை, யாருக்கும் கேடும் இல்லை. பழைய வீட்டைப் பிரித்து உத்தரத்தை எடுத்துக்கொள்வதைப் போன்ற வேலை. அதை யாரும் பாடமாட்டார்கள்.

மரக்கலத்தின் மறுபிறப்பு

பெரிய மரக்கப்பல்களின் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. பிரிட்டனின் 'டெமரேர்' என்னும் போர்க்கப்பல் 1805இல் டிரபால்கர் போரில் பங்கெடுத்தது. 1838இல் அதை விலைக்கு வாங்கியவர் தேம்ஸ் நதிக்கரையின் ராதர்ஹித்தில் வைத்து உடைத்தார். அக்கப்பலை ஒரு சிறு நீராவிப் படகு இழுத்துச் செல்வதை ஓவியர் டர்னர் வரைந்து 1839இல் காட்சிக்கு வைத்தார். கப்பலின் கடைசிப் பயணத்தைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற கலைப்படைப்பு என்று அதையே சொல்லவேண்டும். கப்பல் பிறந்த நாட்டிலேயே, அதன் வரலாற்றை அறிந்தவர்களின் கண்ணெதிரே இறந்ததால் அந்த ஓவியம் பிறக்க முடிந்தது.

நம் நாட்டுத் தேக்கில் பிறந்த கப்பலொன்றின் கதையும் உண்டு. மும்பையில் வாடியா குடும்பத்தார் கட்டி 1813இல் நீரில் இறங்கிய 'கார்ன்வாலிஸ்' என்னும் போர்க்கப்பலின்மேல்தான் 1842இல் சீனாவின் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. ஹாங்காங் பிரிட்டன் வசமானது அதன் வழியேதான். அக்கப்பல் பின்னர் இங்கிலாந்தில் ஒரு படகுத்துறையாக நின்று, 1957இல்தான் உடைக்கப்பட்டது. தேக்கு நூற்றைம்பது ஆண்டு தாங்கும், உடைத்தபின்னும் பயன்படும். லண்டனில் இன்றும் நிற்கும் லிபர்ட்டி அங்காடியின் கட்டடத்தை 1920களில் எழுப்பியபோது 'இம்ப்ரக்னபிள்', 'இந்துஸ்தான்' என்னும் இரு போர்க்கப்பல்களின் மரத்தைப் பயன்படுத்தினார்கள். மரம் தன் மறுபிறப்பில் நஞ்சாக மாறுவதில்லை.

நம்மை ஏற்றிச்சென்ற கப்பல்கள்

இரும்பும் நீராவியும் வந்தபின் எல்லாம் மாறியது. தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்ததும் அக்காலத்தில்தான்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களில் இருந்து தொடங்கலாம். சுதேசி நாவாய்ச் சங்கம் 1906இல் பதிவானது. எஸ்.எஸ்.கலியா, எஸ்.எஸ்.லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக்கு வந்தன. வ.உ.சி. சிறையில் இருந்தபோது, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. கலியா போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்கே விற்கப்பட்டது என்று தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. நம் நினைவு அந்த விற்பனையோடு நின்றுவிடுகிறது. கப்பல் கைமாறிய துயரத்தை நூறாண்டாகப் பேசுகிறோம். அந்த இரும்பு பின்னர் எந்தக் கரையில் எந்த வடிவம் எடுத்தது என்று நாம் கேட்டதில்லை.

அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்தான் 'ரஜூலா'. மலேயா, சிங்கப்பூர் தமிழர்களின் குடும்பக் கதைகளில் இந்தப் பெயர் வராத வீடு குறைவு. கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் நிறுவனத்தார் கட்டி 1926இல் கடலில் இறக்கிய கப்பல் இது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. தொடக்கத்தில் 5000க்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தோட்டத் தொழிலாளர்கள், செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளைகள், மரைக்காயர் வணிகர்கள், பத்திரிகையாளர்கள், நாடகக் குழுவினர் என எல்லாரும் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அதன் உடன்பிறப்புக் கப்பலான 'ரோனா' 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் அமெரிக்கப் படைவீரர்கள், மாண்டனர். உடன்பிறப்புகளான இந்த இரு கப்பல்களில் ஒன்று உடைந்தது. மற்றொன்று, நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்தபின், 1973இல் இந்தியக் கப்பற்கழகத்துக்கு விற்கப்பட்டு 'ரங்கத்' என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே மும்பையில் உடைக்கப்பட்டது.

ரோனாவுக்கு அமெரிக்காவில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ரஜூலாவின் கடைசி நாட்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறுகதையாவது உண்டா என்று தேடிப் பார்க்கும் வாசகருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அதே தடத்தில் பின்னர் ஓடிய 'சிதம்பரம்' பிரான்சின் டன்கர்க்கில் 'பாஸ்தர்' என்ற பெயரில் பிறந்த கப்பல். 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தனர். அத்துடன் சென்னை-சிங்கப்பூர் பயணிகள் கப்பற்போக்குவரத்தே முடிவுக்கு வந்தது. அந்தக் கப்பலும் உடைப்புக்குப் போனது. தீ விபத்தை நினைவில் வைத்திருக்கிறோம், உடைத்ததை மறந்தோம். தன்வினைக்குக் கிடைக்கும் கண்ணீர் பிறவினைக்குக் கிடைப்பதில்லை.

மொழி மட்டும் முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று தோன்றுகிறது. பழைய இரும்பு வாங்கும் கடையை எங்கள் மாவட்டத்தில் ஆக்கர் கடை என்போம். சென்னையிலும் பிற இடங்களிலும் அது காயலான் கடை. காயல்பட்டினத்து வணிகர்கள் பழைய இரும்பு வணிகத்தில் ஈடுபட்டிருந்ததால் இப்பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அவர்கள் பழைய கப்பல்களின் இரும்பையும் வாங்கி விற்றார்கள் என்று சேர்த்துச் சொல்வோரும் உண்டு. அந்த விளக்கம் சரியானால், பழம்பொருளின் முடிவிடத்துக்கே ஒரு துறைமுகத்தின் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது தமிழ்.

கரை தேடிய தொழில்

இரும்புக் கப்பலை உடைப்பது முதலில் மேலைநாடுகளின் தொழிலாகவே இருந்தது. பிரிட்டனின் உடைப்புத் துறைகள் இரு உலகப் போர்களின் கப்பல்களையும் தின்று வளர்ந்தவை. கூலி ஏறியது, பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன, தொழில் கிழக்கே நகர்ந்தது. 1970களிலும் 80களின் முற்பகுதியிலும் தைவானின் காவ்சியுங் இதன் தலைநகராக இருந்தது. 1986இல் அங்கே நிகழ்ந்த பெரும் வெடிவிபத்துக்குப் பின் அது ஓய்ந்தது. அதற்குள் தெற்காசியா தயாராகிவிட்டது.

வங்கதேசத்தில் இத்தொழில் பிறந்த கதை விந்தையானது. 1960இல் வீசிய புயலில் கிரேக்கக் கப்பலொன்று சிட்டகாங் அருகே சீதாகுண்டக் கரையில் தரைதட்டியது. சில ஆண்டுகள் கழித்து அதை அங்கேயே உடைத்து இரும்பு எடுத்தார்கள். தானாக வந்து விழுந்த கப்பலில் கற்றுக்கொண்ட பாடம் பிறகு தொழிலானது. பாகிஸ்தானில் கடானி, இந்தியாவில் குஜராத்தின் அலங் என்று கரைகள் வரிசையாகச் சேர்ந்தன. 1983 பிப்ரவரி 13 அன்று 'கோட்டா தெஞ்சோங்' என்னும் கப்பல் அலங் கரையேறியது. அதுவே அங்கு முதல் கப்பல். 2011-12ஆம் நிதியாண்டில் மட்டும் 415 கப்பல்கள் அங்கே வந்து சேர்ந்தன.

ஏன் அலங்? விடை நிலாவிடம் இருக்கிறது. காம்பே வளைகுடாவில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே பத்து மீட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் பொங்கிவரும்போது கப்பலை முழுவேகத்தில் கரையை நோக்கிச் செலுத்துகிறார்கள். நீர் வடிந்ததும் அது சேற்றில் நின்றுவிடும். உலர்துறை வேண்டாம், பெரிய பாரந்தூக்கி வேண்டாம். ஒவ்வொரு பெரிய ஓதத்திலும் சங்கிலியால் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து, முன்புறமிருந்து வாயுச்சுடரால் வெட்டிக்கொண்டே போகலாம்.

குமரிக் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. தமிழகத்தில் இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்திலும், கேரளத்தில் கண்ணூரை அடுத்த அழீக்கல்லிலும் இத்தொழிலை நடத்திப் பார்த்தார்கள். அலங்கைப்போல அது பெருகவில்லை. கடல் இசையவில்லை என்பது முதன்மையான காரணம். நம் கரை தப்பியது நம் அறிவால் அன்று, நிலாவின் தயவால் என்றே சொல்லவேண்டும்.

இரும்பின் மறுபக்கம்

இத்தொழிலை ஒரேயடியாகத் தீமை என்று தள்ளிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. கப்பலின் எடையில் மிகப் பெரும்பகுதி நல்ல எஃகு. அலங்கில் வெட்டிய தகடுகளில் பெரும்பகுதி உருக்கப்படுவதில்லை; பட்டைகளாக நறுக்கிச் சூடேற்றி உருளைகளுக்கிடையே செலுத்திக் கட்டுமானக் கம்பிகளாக இழுக்கிறார்கள். சுரங்கம் தோண்டாமல், ஊதுலை மூட்டாமல் கிடைக்கும் இரும்பு இது. இரும்பு மட்டுமா? அலங் சாலையோரக் கடைகளில் கப்பலின் கட்டில், மெத்தை, சமையல் பாத்திரம், கண்ணாடி, உயிர்காப்புப் படகு, மின்னாக்கி எல்லாம் விலைக்குக் கிடைக்கும். ஒன்றையும் வீணாக்காத அந்தச் சந்தை நம் பழைய வள்ளப் பலகையின் நேரான வாரிசுதான்.

ஆனால் வள்ளப் பலகையில் கல்நார் இல்லை. பழைய கப்பலின் எந்திர அறையில் வெப்பம் தாங்குவதற்காகக் கல்நாரைப் பொதிந்திருப்பார்கள். அதன் இழை நுரையீரலில் தங்கி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கொல்லும். வண்ணப்பூச்சில் ஈயம், அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய நச்சு, தொட்டிகளில் எண்ணெய்க் கசடு, அந்தக் கசடு விடும் ஆவியில் வெட்டுச்சுடர் பட்டால் வெடி. 2016 நவம்பர் முதல் நாள் கடானியில் எண்ணெய்க் கப்பலொன்று தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர். அலங்கில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்களில் கடலைக் காணாமலே வளர்ந்தவர்கள், கடலோடிய பொருளின் நஞ்சை வாங்கிக்கொள்கிறார்கள்.

பொருளாதாரம் எங்கே திரும்புகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கல்நாரையும் கசடையும் முறையாக அகற்றும் நாட்டில் கப்பலை உடைத்தால் உரிமையாளருக்குக் கிடைப்பது குறையும், சிலவேளை செலவே மிஞ்சும். கிழக்குக் கரைகளில் உடைப்பவரே எடைக்கு எடை பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். ஆக, உழைத்த காலமெல்லாம் ஈட்டித் தந்த கப்பல், இறக்கும்போதும் ஒரு தொகையைத் தந்துவிட்டுப் போகிறது. இடையில் ஒரு தரகர், கடைசிப் பயணத்துக்கு மட்டும் புதிய பெயர், தொலைவிலுள்ள ஒரு சிறு தீவின் கொடி. கரையேறும் நாளில் அது யாருடைய கப்பல் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. கட்டியவரும் ஓட்டியவரும் பிரித்தவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்த காலம் இங்கேதான் முற்றிலும் முடிகிறது.

சட்டம் வந்த வழி

1997இல் அமெரிக்காவின் 'பால்டிமோர் சன்' நாளிதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர் அலங்கை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் விருது கிடைத்தது. ஆபத்தான கழிவுகளை எல்லை கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை 1989இலேயே உருவாகியிருந்தது. ஆனால் கப்பல் எப்போது கப்பலாக இருப்பதை விட்டுக் கழிவாகிறது என்ற கேள்வியில் அது சிக்கிக்கொண்டது. 2003 அக்டோபரில் இந்திய உச்சநீதிமன்றம், நச்சுப்பொருட்களை முன்கூட்டியே அகற்றியபின் கப்பல்கள் வரவேண்டும் என்பது உள்ளிட்ட நெறிகளை வகுத்தது.

அதன்பின் வந்த இரு வழக்குகள் முக்கியமானவை. பிரான்சின் விமானந்தாங்கிக் கப்பல் 'கிளெமான்சோ' 2005ஆம் ஆண்டின் கடைசி நாளில் அலங்கை நோக்கிப் புறப்பட்டது. கல்நார் பற்றிய எதிர்ப்பு இரு நாடுகளிலும் வலுத்தது. 2006 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் சிராக் அதைத் திருப்பி அழைத்தார். கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது உடைக்கப்பட்டது. அதே 2006இல் அலங் வந்த 'புளூ லேடி' முன்பு 'பிரான்ஸ்' என்றும் 'நார்வே' என்றும் புகழ்பெற்றிருந்த சொகுசுக் கப்பல். அதை உடைக்க உச்சநீதிமன்றம் 2007இல் இசைவளித்தது. அரசு உரிமையாளராக இருந்தபோது திரும்பிப் போன நஞ்சு, உரிமை பல கைகள் மாறியபோது நம் கரையில் இறங்கியது.

2009 மே மாதம் ஹாங்காங் உடன்படிக்கை உருவானது. ஒவ்வொரு கப்பலும் தன்னுள் இருக்கும் ஆபத்தான பொருட்களின் பட்டியலைப் பிறப்பிலிருந்தே சுமக்க வேண்டும் என்பது அதன் மையம். இந்தியா 2019இல் அதில் இணைந்தது. அதே ஆண்டு கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாள் 2025 ஜூன் 26. கையெழுத்தாகிப் பதினாறு ஆண்டுகள்.

மணலில் வந்த வெண்மணிகள்

அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னர் எங்கள் கடலில் ஒரு கப்பல் உடைந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3', 2025 மே 24 அன்று சாய்ந்து மறுநாள் மூழ்கியது. 1997இல் கட்டிய கப்பல், லைபீரியக் கொடி, அறுநூற்றுக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டகங்கள். மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டது பெரிய ஆறுதல். அடுத்த சில நாட்களில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வெண்ணிறச் சிறுமணிகள் கேரளக் கரையெங்கும், தொடர்ந்து குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை ஊர்களிலும் ஒதுங்கின. அரிசியைப் போன்ற அந்த மணிகளைச் சல்லடையிட்டுச் சலித்து எடுத்தார்கள். மீன் வாங்க மக்கள் தயங்கினார்கள். கேரள அரசு 9531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது.

அக்கப்பலின் வயதே விபத்துக்குக் காரணம் என்று நாம் தீர்ப்பெழுதவில்லை. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கி, இதே போன்ற மணிகளை நீர்கொழும்புக் கரையில் குவித்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கட்டிச் சில மாதங்களே ஆன கப்பல். புதுக்கப்பலும் உடையும். எனினும் இருபத்தெட்டு வயது என்பது பல சரக்குக் கப்பல்கள் உடைப்புத் துறைக்குப் போய்ச்சேர்ந்துவிடும் வயது என்பதை மறுக்க முடியாது. சரக்குக் கட்டணம் உயர்ந்திருக்கும் ஆண்டுகளில் பழைய கப்பல்களை உடைப்புக்கு அனுப்பாமல் ஓட்டிக்கொண்டிருப்பது உலக வழக்கம். பழைய கப்பலை உரிய காலத்தில் உரிய இடத்தில் ஒருவர் பொறுப்பேற்று உடைக்கவில்லையெனில், கடல் அதை உடைக்கும் வாய்ப்பு ஆண்டுதோறும் கூடுகிறது. அப்போது கூலி கொடுப்பது அதில் ஒரு பைசா ஆதாயம் பார்க்காத கரைவாசிகள். நிலாவின் தயவால் உடைத்தலிலிருந்து தப்பிய எங்கள் கரை, உடைதலிலிருந்து தப்பவில்லை.

நம் வள்ளங்களின் முறை

அயல்நாட்டுக் கப்பல் முதலாளிகளைக் குறைசொல்வதோடு இக்கட்டுரையை முடித்துவிட்டால் அது அரை உண்மையாகிவிடும். கட்டுமரமும் மர வள்ளமும் குறைந்து, கண்ணாடியிழைப் படகுகள் நம் கரையை நிறைத்துவிட்டன. ஊரார் சொல்லில் பைபர் வள்ளம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஏராளமாக வந்தவை இவை. எடை குறைவு, வேகம் அதிகம், மரத்தைப் போல ஊறாது, மக்காது. அந்த 'மக்காது' என்பதில்தான் சிக்கல். அதை அவிழ்க்க முடியாது, உருக்க முடியாது, அடுப்பில் வைத்தால் நச்சுப்புகை. அறுத்தால் தூளாகி மூச்சில் ஏறும். ஆக்கர் கடைக்காரரும் வாங்கமாட்டார். ஆழிப்பேரலைக்குப் பின் வந்தவற்றுக்கு இருபது வயது கடந்துவிட்டது.

அவற்றை மீனவர்கள் விரும்பி நச்சாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பிழைப்புக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். படகைக் கொடுத்த அரசும் தொண்டு நிறுவனங்களும் உற்பத்தியாளர்களும் அதன் பிறப்புக்கு மட்டுமே திட்டமிட்டார்கள். ஹாங்காங் உடன்படிக்கை பெருங்கப்பல்களுக்கு இன்று கேட்கும் கேள்வியைச் சிறுபடகுகளுக்கும் கேட்டாக வேண்டும். மானியத்தில் படகு வழங்கும் திட்டம் எதுவானாலும், பழைய ஓட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் அதற்கான செலவும் அதே திட்டத்துக்குள் இருக்க வேண்டும். இதைக் கோருவதற்குக் கடல்சார் வல்லுநர்களாக இருக்கவேண்டிய தேவையில்லை. ஊராட்சிக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ரஜூலாவில் பயணம் செய்தவர்களில் எஞ்சியிருப்போர் இன்று முதியவர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களைத் தேடிப் பேசிப் பதிவுசெய்ய இன்னும் சிறிது காலமே இருக்கிறது. பயணத்தைக் கேட்கும்போது, கப்பல் உடைக்கப்பட்ட செய்தி அவர்களை எட்டியதா, எட்டியபோது என்ன தோன்றியது என்றும் கேளுங்கள். கொற்றனாருக்கு ஒரு பலகை போதுமானதாக இருந்தது. நம் காலத்துக்கு அந்தப் பலகை எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, அதைச் சுமப்பவர் யார் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.